இரண்டரை ஆள் தொட்டி

துரோகம் செய்யப்பட்டவர்களுக்கென்று எங்காவது ஒரு மாநாடு கூட்டினால், முன்வரிசையில் நடு நாற்காலியை எனக்கு ஒதுக்கிவிட வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் என்ன நடந்திருக்கும்? கூட்டாளி கடையைச் சுருட்டியிருப்பான், நண்பன் கோள் சொல்லியிருப்பான். அதெல்லாம் ஊரில் நடக்கிறதுதான். சொந்த மனைவியே தன் கையால் புருஷன் தலையைக் கத்தரித்து எடுத்துத் தம்பியிடம் கொடுத்த கதை உங்களில் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு.

நான் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் கொதிகலன் பார்த்தவன். நோயாளிகளின் போர்வை, படுக்கை விரிப்பு, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு எல்லாம் என் நீராவியில்தான் வெளுத்தன. அந்த அறையில் நான் விட்ட வியர்வையைச் சேர்த்துவைத்திருந்தால் அதில் ஒரு கப்பல் விட்டிருக்கலாம். சின்னக் கப்பல் இல்லை; மேல்தளத்தில் பந்து விளையாடுகிற அளவுக்குப் பெரியது. என் தலைமுடி போனதும் அங்கேதான். காலையில் சுருட்டை முடியோடு உள்ளே போனேன், சாயங்காலம் இப்படி வெளியே வந்தேன் என்று நான் யாரிடமாவது சொன்னால், என் மனைவி பக்கத்திலிருந்து, "நடுவுல இருபது வருஷத்தை விட்டுட்டீங்க" என்பாள்.

அவளும் அதே சலவைப் பிரிவுதான். கிழிந்த துணிகளைத் தைக்கிற மேசை அவளுடையது. எனக்கும் அவளுக்கும் நடுவில் லாரி அளவு சலவை இயந்திரங்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் நாங்கள் பழகியதே சைகையில்தான். 'கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா' என்று நான் கையால் கேட்டதை 'டீ குடிக்கலாமா' என்று எடுத்துக்கொண்டுதான் தலையாட்டினேன் என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். வீட்டுக்கு வந்தால் இரண்டு பேர் காதிலும் இரைச்சல். பிறகு பிள்ளைகள், அவர்களுடைய இரைச்சல். ஓய்வு பெற்ற அன்றைக்கு நான் ஒரு தீர்மானம் செய்தேன். மிச்சமிருக்கிற பேச்சையெல்லாம் இனி உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடுவது. அதற்கு அமைதியாக ஓர் இடம் வேண்டும். எங்கள் வீட்டில் அது கிடையாது. மாடியில் ஒரு தச்சன், தெருவில் ஒரு மெக்கானிக், கீழ்த்தளத்தில் என் மச்சான்.

மச்சான் என்றால் அவளுடைய தம்பி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். உத்தியோகம் போய்விட்டது, விசிலும் தொண்டையும் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் நாற்காலி ஒன்று காலியாக இருந்தால்கூட, "உள்ள தள்ளி உக்காருங்க, உள்ள தள்ளி உக்காருங்க" என்பான். தலையில் முடி அப்படி அடர்த்தி. வெட்டி உறையில் திணித்தால் இரண்டு தலையணை வரும். முடி நிஜம், கறுப்பு மட்டும் பொய்.

அந்த வெந்நீர் ஊற்றைக் காட்டியதும் அவன்தான். அவன் ஓட்டிய, தப்பு, அவன் விசிலடித்த பஸ் கடைசியாகப் போய் நிற்கும் இடம் அது. எந்தக் காலத்திலோ யாரோ பெரிய மனிதர்கள் கட்டிய குளியல் மாளிகை இடிந்து கிடக்கிறது. எந்தக் காலம், எந்த மனிதர்கள் என்று ஒரு பலகையில் விவரமாக எழுதித்தான் வைத்திருந்தார்கள். ஊற்றின் ஆவி பட்டுப் பட்டு எழுத்தெல்லாம் உரிந்துபோய், கடைசியில் 'என்று கருதப்படுகிறது' என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. பாதி உடைந்த வளைவுகள், இடுப்பளவு தூண்கள், தலையில்லாத ஒரு சிலை. எல்லாவற்றுக்கும் மேலே அழுகின முட்டை வாசனை. அது கந்தகம், உடம்புக்கு நல்லது என்பார்கள். மூக்கு உடம்பில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

இடிபாட்டை ஒட்டிப் புதிதாக ஒரு பொதுக்குளம் கட்டியிருந்தார்கள். ஓடு பதித்து, கைப்பிடி வைத்து, மாற்றுடை அறை எல்லாம் இருந்தது. ஊரில் உள்ள வாதமும் பிடிப்பும் அதற்குள்தான் கிடந்தன. என் மனைவிக்கு முழங்கால் தேய்மானம். மாடிப்படி இறங்குவதற்குள் வழியில் நாலு தடவை நின்று, பார்க்காத காட்சியையெல்லாம் பார்ப்பதுபோல் பாவனை செய்வாள். அவளுக்காகத்தான் போனோம். முதல் நாளே அந்தக் குளத்துக் கூச்சல் தாங்காமல் நான் பின்பக்கம் நழுவினேன். அங்கே, கூரை போன ஓர் அறைக்குள், குனிந்து நுழைகிற வாசலுக்கு அப்பால், அந்தத் தொட்டியைப் பார்த்தேன்.

கல் தொட்டி. சுவரின் ஒரு துளை வழியாக வெந்நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அளவுமானிகளை நான் ஒருநாளும் நம்பியதில்லை. முழங்கையை விட்டுப் பார்த்தேன். உங்களிடம் பொய் சொல்வானேன், கண்ணில் நீர் வந்துவிட்டது. இவ்வளவு பக்குவமாக நான் ஒரு நாள்கூடத் தண்ணீரை வைத்ததில்லை. எண்ணெய் ஊற்ற வேண்டாம், வால்வு திருக வேண்டாம். பூமிக்கடியில் யாரோ வேலை பார்க்கிறார்கள், நான் மேலே உட்கார்ந்திருக்கிறேன். பணி ஓய்வு என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

"இதுல எத்தனை பேர் உக்காரலாம்?" என்றாள் மனைவி.

"ரெண்டரைப் பேர்" என்றேன். நாங்கள் இருவர், விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் உள்ளே விடுகிற மச்சான் அரை.

"என்ன அத்தான் அநியாயமா இருக்கு? இதுல தாராளமா ஒரு பன்னிரண்டு பேர் போகலாம். நிக்கிறவங்களைச் சேர்க்காம."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் பொதுக்குளம். சுவரில் ஒரு விரிசல். அது வழியாக அங்கத்திய கூச்சல் வந்துகொண்டிருந்தது. கசிவு என்று ஒன்றைக் கண்டால் அடைக்காமல் இருக்க என்னால் முடியாது, தொழில் அப்படி. பழைய துண்டு ஒன்றைக் கிழித்துத் திருகி, விரிசலில் திணித்தேன். சத்தம் நின்றது. தண்ணீர் விழுகிற ஓசை மட்டும். நான் பேச ஆரம்பித்தேன்.

ஆனால் நல்ல இடத்தை ஜனங்கள் விட்டுவைப்பார்களா? எட்டிப் பார்ப்பார்கள். அதற்கு ஓர் ஏற்பாடு செய்தேன். என் வாழ்க்கையிலேயே நான் செய்த ஆகச் சிறந்த ஏற்பாடு அதுதான். வாசலைப் பார்த்தபடி நான் உட்காருவேன், தலை பளபளக்க. யாராவது குனிந்து நுழைந்து, "சார், இங்க குளிக்கலாமா?" என்பார்கள்.

"தாராளமா. முடி மேல ஆசை இல்லேன்னா."

"என்னது?"

"போன வருஷம் இதே மாசம் என் தலையில சீப்பை விட்டா சீப்பு உடையும். ஆறே வாரம். இப்பப் பாருங்க. எனக்கு இனிமே போறதுக்கு ஒண்ணுமில்ல, அதான் உக்காந்திருக்கேன்."

"சும்மா சொல்லாதீங்க."

"வெளிய அந்தச் சிலையைப் பார்த்தீங்களா? அவருக்கும் முதல்ல முடிதான் போச்சு. எல்லாரும் எடுத்துச் சொன்னாங்க. கேக்கல."

அவ்வளவுதான். கையால் தலையைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். எட்டிப் பார்த்த பாவத்துக்கே முடி கொட்டிவிட்டதா என்று விரலைப் பார்த்தவர்களும் உண்டு. யாராவது வருகிற அரவம் கேட்டால் மச்சான் எழுந்து ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிய வேண்டும்; அத்தனை முடியோடு அவன் அங்கே உட்கார்ந்திருந்தால் யார் நம்புவார்கள்? மனைவி தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். சிரிப்பை அடக்குகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற காரியத்தை நாங்கள் மெய்யாகவே செய்துகொண்டிருந்தோம்: என் தலையால் இடம் கிடைத்தது, அவள் முழங்கால் குணமாகி வந்தது.

இப்படி வருஷக்கணக்கில் ராஜாங்கம் நடத்தினேன். பிறகு என் கண்ணில் திரை விழுந்தது. அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: கண்ணில் தண்ணீர் படக் கூடாது, ஆவி ஆகவே ஆகாது, கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் இருக்க வேண்டும்.

"நான் மட்டும் எப்படிங்க போறது?" என்றாள் மனைவி.

"முழங்கால் என்ன ஆறது? தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போ" என்றேன். நானே சொன்னேன். என் வாயாலேயே.

முதல் வாரம் போய்விட்டு மத்தியானமே திரும்பினாள். அடுத்த வாரம் சாயங்காலம். அதற்கடுத்த வாரம் தெருவிளக்கு எரிகிற நேரத்துக்கு, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, மாடிப்படியில் ஒரு தடவைகூட நிற்காமல் ஏறி வந்தாள். பையில் யாருடைய வீட்டு ஆரஞ்சுப் பழமோ இருந்தது. "யார் கொடுத்தது?" என்றேன். "ஒருத்தங்க" என்றாள். நான் இல்லாமல் அந்தத் தொட்டியில் அவளுக்கு எவ்வளவு வெறிச்சென்று இருக்கும் என்று நினைத்து நினைத்து, கறுப்புக் கண்ணாடிக்குள் நான்தான் உருகிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் 'இனி போகலாம்' என்று சொன்னதும் அவளிடம் ஓடினேன். அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி இருக்க வேண்டாமா?

"இந்த வாரம் வேண்டாங்க. காத்துல தூசி."

"போன வாரம் இல்லாத தூசியா?"

"கண்ணு விஷயம். ஒரு மாசம் போகட்டும். டாக்டர் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பார்."

டாக்டர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது, அதை ஏன் மறுக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மச்சானும், "ஆமா அத்தான், அவசரம் எதுக்கு?" என்றான். பஸ் கிளம்பும் முன்னாடியே விசில் அடிக்கிறவன் எனக்கு அவசரம் எதற்கு என்கிறான். அன்றைக்கு அவர்கள் போன பிறகு நான் தொப்பியை மாட்டிக்கொண்டேன், கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன், அடுத்த பஸ்ஸில் ஏறினேன். திடீரென்று போய் நின்று அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று. சிரிக்காதீர்கள்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் உச்சந்தலை காலி.

"நிஜமாவே வளருதாமா?" என்றார் ஒருவர்.

"என் மச்சினன் கண்ணால பார்த்துட்டு வந்தான். அந்த ஆளுக்கு முட்டைத் தலையாம். இப்ப கரடி மாதிரி இருக்காம்."

"எங்க, அந்தப் பொதுக்குளத்துலயா?"

"அதுல இல்ல. பின்னாடி ஒரு கல் தொட்டி."

என் காதுக்குள் ஒரு வால்வு திறந்துகொண்டது. கொதிகலன்காரனுக்குத் தெரியும், அந்தச் சத்தம் கேட்டால் நல்ல சேதி இல்லை.

போய்ப் பார்த்தால், தலையில்லாத சிலையிலிருந்து என் வாசல் வரைக்கும் வரிசை. அத்தனையும் வழுக்கை. வெயிலில் பார்க்கக் கண் கூசியது. டாக்டர் கறுப்புக் கண்ணாடி கொடுத்தது இதற்குத்தான் போலிருக்கிறது. உள்ளேயிருந்து விசில் சத்தம் கேட்டது. ஒரு விசிலுக்குப் பத்துப் பேர் சொட்டச் சொட்ட வெளியே வந்தார்கள். இரண்டு விசிலுக்குப் பத்துப் பேர் குனிந்து உள்ளே போனார்கள். நானும் வரிசையோடு நுழைந்தேன்.

என் மச்சான் தொட்டி விளிம்பில் நின்றுகொண்டிருந்தான். "முன்னாடி நகருங்க, முன்னாடி நகருங்க! சுவர் ஓரமா எவ்வளவு இடம் கிடக்குது! அம்மா, பையை மடியில வெச்சுக்குங்க!" தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த முடியையெல்லாம் சிலுப்பி வாரிவிட்டிருந்தான். ஒரு கையில் அட்டை. அட்டையில் ஒட்டின ஒரு புகைப்படம்.

"இது யாரு? நான்தான். இந்தத் தண்ணிக்கு முன்னாடி. இது யாரு?" என்று தன் தலையைத் தட்டினான். "இதுவும் நான்தான். தண்ணிக்குப் பின்னாடி!"

அட்டையில் இருந்தது நான்.

பணி ஓய்வுக் கூட்டத்தில் எடுத்த படம். கையில் சுவர்க்கடிகாரத்தோடு நானும் என் மனைவியும் நின்றோம். இப்போது என் தலையும் ஒரு தோளும் மட்டும் இருந்தன. தோளில் நாலு விரல் மிச்சம். அவள் விரல். அதற்குக்கூட நான் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன், திருடன் மச்சான், அலமாரியிலிருந்து எடுத்துவிட்டான் என்று. ஆனால் படத்தின் ஓரத்தைப் பார்த்தேன். பல் பல்லாக, சீராக, நெளி நெளியாக வெட்டியிருந்தது. துணி பிரியாமல் இருக்க வெட்டுகிற பல் கத்தரி. அதை அவள் யாரையும் தொடவிட மாட்டாள். காகிதம் வெட்டினால் முனை மழுங்கிவிடும் என்று, கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு காகிதம் வெட்டித் தந்ததில்லை. என் தலைக்கு மட்டும் தந்திருக்கிறாள்.

தொட்டியைப் பார்த்தேன். ஆண்களுக்கு நடுவில் ஒரு மூலையை நாலைந்து பெண்கள் பிடித்து வைத்திருந்தார்கள். நடுவில் என் மனைவி. தலையில் துண்டு இல்லை. கையை வீசி வீசி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தண்ணீரை அறைந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

என் தலையில் மிளகாய் அரைத்தவர்கள் உண்டு. ஆனால் அரைப்பதற்கு என் தலையையே ஊருக்கு வாடகைக்கு விட்டது இவர்கள்தான்.

நான் தொப்பியைக் கழற்றினேன். பிறகு கண்ணாடியை.

முதலில் பார்த்தவர் பஸ்ஸில் வந்தவர். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏங்க, இந்தப் படத்துல இருக்கறவர் இவர் இல்ல?" என்றார். மச்சான் என்னைப் பார்த்தான். விசில் வாயிலேயே இருந்தது. மூச்சு விட்டபோது அதுவாகவே மெல்லக் கீச்சிட்டது.

ஆனாலும் அவன் கண்டக்டர். நெரிசலில் நின்றே பழகினவன். "அண்ணன்!" என்று கத்தினான். "என் அண்ணன்! ரெட்டைப் பிறவி! எங்களைப் பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாது!"

"அப்ப இவருக்கு ஏன் முடி வளரல?" என்று ஒரு குரல்.

"அவர் குளிக்கவே மாட்டார்."

நான் ரொம்பப் பணிவாக, "குளிச்சேனே தம்பி" என்றேன். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே குளிச்சோம், மறந்துட்டியா? எனக்குச் சுருட்டை முடி, உனக்கு மொட்டை. நீ ஒரு பக்கம் உக்காந்தே, நான் எதிர்ப்பக்கம் உக்காந்தேன். உனக்கு வளர்ந்துச்சு, எனக்குக் கொட்டிடுச்சு."

தொட்டிக்குள் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எந்தப் பக்கம் உக்காந்தா கொட்டும்?" என்றார் கழுத்துவரை மூழ்கியிருந்த ஒருவர். அவருக்குக் காதோரம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"அதுதாங்க எனக்கு ஞாபகம் வரல. அப்பக் கண்ணு வேற சரியாத் தெரியாது."

"வலது!" என்றான் மச்சான் பதறிப்போய். "வலது பக்கம் உக்காந்தா வளரும்!"

"உள்ள இருந்து பார்த்தா வலதா தம்பி, வெளிய இருந்து பார்த்தா வலதா?"

மச்சான் வலது கையைத் தூக்கினான், திரும்பி நின்று இடது கையைத் தூக்கினான். அதற்குப் பிறகு நடந்ததை நான் உள்ளபடியே சொல்கிறேன். தொட்டியிலிருந்து ஆட்கள் ஒரே நேரத்தில் எழுந்த வேகத்தில் தண்ணீர் பாதிக்கு மேல் வெளியே வந்து, வரிசையில் நின்றவர்களைச் சிலை வரைக்கும் அடித்துக்கொண்டு போய்விட்டது. சிலையே கொஞ்சம் நகர்ந்தது. மிச்சமிருந்த காதோர முடியைப் பொத்திக்கொண்டு ஓடினவர்கள் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் அறை காலி.

காலி என்றால், ஆண்கள் காலி. அந்த மூலை அப்படியே இருந்தது. பெண்களில் மூத்தவர் ஒருவர், தபால்காரம்மாவாம், ஊரெல்லாம் நடந்து கடிதம் கொடுத்தே முழங்கால் போனவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கு முடி போனாலும் போகுது. முட்டிக்கு இதமா இருக்கு" என்றார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, "இவர்தான் உங்க வீட்டுக்காரரா? வாயே திறக்க மாட்டார்னு சொன்னீங்க?"

என் மனைவி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "இன்னிக்குத்தான் திறந்திருக்கார்" என்றாள்.

நான் மச்சான் பக்கம் திரும்பினேன். "ஏண்டா? உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

"குறை எல்லாம் இல்ல அத்தான். நீங்க இல்லாத முதல் வாரம் அக்கா மட்டும் தனியா உக்காந்திருந்தா. இவ்வளவு பெரிய தொட்டி. நானும் பார்க்கறேன், பார்க்கறேன்... காலி சீட்டைப் பார்த்துட்டு ரைட் கொடுக்க எனக்கு மனசு வரல. அப்ப இந்தம்மா வந்தாங்க. முடி கொட்டும்னு சொல்லிப் பார்த்தேன். 'தள்ளுப்பா'ன்னுட்டு இறங்கிட்டாங்க. அடுத்த வாரம் இன்னும் மூணு பேரைக் கூட்டி வந்தாங்க. அப்பவும் பாதி காலி. கொட்டும்னு சொன்னா எவன் வருவான்? அதான் வளரும்னு..."

"என் தலையை வெச்சு!"

"மொட்டைத் தலை நம்ம வீட்டுல வேற யாருக்கு இருக்கு?"

இவனோடு பேசிப் பயனில்லை. நான் தொட்டி விளிம்புக்குப் போனேன். தண்ணீர் அதற்குள் மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. "என் தலையை வெட்டிக் கொடுத்திருக்கே" என்றேன் அவளிடம்.

"தலை மட்டும்தான். உடம்பு அலமாரியில பத்திரமா இருக்கு."

"பல் கத்தரியால."

"கையில அதான் கிடைச்சது."

"ஏம்மா, இது நம்ம இடம் இல்லையா? அந்த இயந்திரச் சத்தத்துல ஒரு வார்த்தை பேச முடியாமக் கிடந்தோமே. இங்க வந்துதானே நாம நாலு வார்த்தை பேசினோம்? அதை ஊரைக் கூட்டி..."

"நாம பேசினோமா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, அப்படிக் கேட்டிருந்தால் தேவலை. "சரி. இத்தனை வருஷத்துல இதுல உக்காந்து நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

இதென்ன பெரிய விஷயம் என்று ஞாபகத்தைத் திறந்தேன். கொதிகலன் வெடிக்கப் பார்த்த கதை இருந்தது. கப்பல் இருந்தது. மேலதிகாரியின் தொப்பி நீராவியில் பறந்து கூரையில் ஒட்டிக்கொண்ட கதை இருந்தது. எல்லாம் என் குரலில். தபால்காரம்மா காத்திருந்தார். மச்சான்கூடக் காத்திருந்தான்.

"தண்ணி பக்குவமா இருக்குன்னு சொன்னே" என்றேன்.

"அது நீங்க சொன்னது. நான் தலையாட்டினேன்."

சொல்லிவிட்டு எழுந்தாள். கைப்பிடி இல்லாமலே எழுந்தாள். "வாங்க, நாம பெரிய குளத்துக்குப் போகலாம். இவருக்கு இடம் வேணுமாம்" என்று பெண்களைப் பார்த்துச் சொன்னாள். அவர்கள் துண்டுகளை உதறிக்கொண்டு ஒவ்வொருவராக என்னைத் தாண்டிக் குனிந்து வெளியே போனார்கள். கடைசியாகப் போன என் மனைவி என் தொப்பியைத் தரையிலிருந்து எடுத்து, ஈரத்தைப் பிழிந்து, என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். இதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. சைகையில் நாங்கள் எப்போதும் நன்றாகத்தான் பேசினோம்.

ஆக, வெற்றி எனக்கு. தொட்டி எனக்கு. இறங்கி நடுவில் உட்கார்ந்தேன். முழங்கையை வைத்துப் பார்த்தேன், அதே பக்குவம். காலை நீட்டினேன், இந்தப் பக்கமும் யாரும் இல்லை, அந்தப் பக்கமும் யாரும் இல்லை. "கொதிகலன் அறையில ஒரு நாள்..." என்று ஆரம்பித்துப் பார்த்தேன். கூரையில்லாத அறை, சொன்னது அப்படியே மேலே போய்விட்டது.

மச்சான் வாசலில் குனிந்து நின்றான். காலித் தொட்டியைப் பார்க்கப் பார்க்க அவன் முகம் கோணியது. ஆவியில் வியர்த்து, நெற்றியில் கறுப்பாக ஒரு கோடு வழிந்துகொண்டிருந்தது.

"அத்தான், ஒரே ஒரு ஆள்..."

"இடமில்ல."

"காலை மட்டும் விட்டுக்கறேன்."

"உன் தலைச்சாயம் என் தண்ணியில விழும். போடா."

அவன் போகவில்லை. நானும் மறுபடி விரட்டவில்லை. அப்போது பின்சுவருக்கு அப்பாலிருந்து, கம்பளிக்குள் பொத்தின மாதிரி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் திணித்து வைத்த துண்டு. எழுந்து போனேன். கந்தகம் ஏறிக் கல்லாக இறுகியிருந்தது; இரண்டு கையாலும் பற்றித் திருகி இழுத்தேன். என் கையால் அடைத்த கசிவை என் கையாலேயே திறந்தது அதுதான் முதல் தடவை. திறந்ததும் அவள் குரல் தெளிவாக, என் காதில் வாய் வைத்துச் சொல்கிற மாதிரி வந்தது.

"...நீராவின்னா நீராவி! என் வீட்டுக்காரர் வாயைத் திறக்காம நின்னு வேலை பார்த்தார். அவருக்கு வேர்த்த வேர்வை இருக்கே, அதைப் பிடிச்சு வெச்சிருந்தா ரெண்டு கப்பல் விட்டிருக்கலாம்..."

என் கப்பல்! தலையைத் திருடினார்கள், தொட்டியைத் திருடினார்கள், இப்போது கப்பலும் போயிற்று. அதுவும் இரண்டாக. இதற்குமேல் ஒரு மனுஷன் என்னதான் தாங்குவான்? மச்சான் அதற்குள் நைசாக வந்து விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டுவிட்டான். அவனை உதைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஒரே கப்பல்தான், அது என்னுடையது என்று கத்துவதற்காக விரிசலில் வாயை வைத்தேன்.

"மேல்தளத்துல பாருங்க, குதிரைப் பந்தயமே நடத்தலாம்" என்றாள் அவள். "ஒரு நாள் என்ன ஆச்சு தெரியுமா? அந்தக் கொதிகலன் இருக்குதில்ல..."

குதிரைப் பந்தயம் எனக்குத் தோன்றவே இல்லையே! வாயை எடுத்துவிட்டுக் காதை வைத்தேன்.

"என்ன அத்தான் சொல்றா?" என்றான் மச்சான்.

"உஷ்" என்றேன். "என்ன ஆச்சுன்னு சொல்லப் போறா."